நின்ற இடத்தில் எரியும் பெட்ரோல்: காவல் ரோந்தும் ஹைபிரிட் கார்களும்

காவல்துறையின் ரோந்து வண்டி என்றதும், சைரன் அலற, விளக்குகள் சுழல, மற்ற வண்டிகளை ஒதுக்கிக்கொண்டு பாயும் கார்தான் நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. ஆனால் அத்தகைய வண்டி ஒன்றின் எட்டு மணி நேரப் பணியைக் கூடவே இருந்து குறித்துக்கொண்டு வந்தால், குறிப்பேட்டில் பெரும்பகுதி வேறு விதமாக நிரம்பும். சந்திப்பின் ஓரத்தில் நிறுத்தம், விபத்து நடந்த இடத்தில் போக்குவரத்தைத் திருப்பிவிடும் நிறுத்தம், புகார் எழுதி வாங்கும் வீட்டு வாசலில் நிறுத்தம், அறிக்கை தட்டச்சு செய்ய ஒரு நிறுத்தம். இடையிடையே குறைந்த வேகத்தில் தெருக்களைச் சுற்றி வருதல். துரத்தல் என்பது பல பணிநாள்களில் நிகழ்வதே இல்லை. அப்படியும், இத்தனை நிறுத்தங்களிலும் வண்டியின் எஞ்சின் பெரும்பாலும் அணைக்கப்படுவதில்லை. ரோந்து வண்டிகளுக்கு பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்து இயங்கி எரிபொருளை மிச்சப்படுத்தும் ஹைபிரிட் கார்கள் பொருந்துமா என்ற கேள்விக்கு விடை தேட வேண்டிய இடமும் இந்த நிறுத்தங்கள்தான்.

எஞ்சினை அணைக்காமல் விடுவதைக் காவலர்களின் அலட்சியம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. வயர்லெஸ் கருவி, கணினி, கேமராக்கள், கூரையில் எச்சரிக்கை விளக்குகள், கைப்பேசிகளுக்கும் கைவிளக்குகளுக்கும் மின்னேற்றிகள் என்று ஒரு நடமாடும் அலுவலகமே அந்தக் காருக்குள் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் 350 வாட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 70 ஆம்பியர்-மணி அளவுள்ள சாதாரண ஈய-அமில பேட்டரியில் இருப்பது 840 வாட்-மணி. அதில் பாதியை எஞ்சினை மறுபடி கிளப்பவும் பேட்டரி கெடாமல் இருக்கவும் ஒதுக்கினால், மீதம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் தாங்கும். அழைப்பு வரும் கணத்தில் வண்டி கிளம்பாமல் முரண்டு பிடித்தால் அதற்கு விலையாக ஒரு உயிர் போகலாம் என்னும் நிலையில், எந்தக் காவலரும் அந்தச் சூதாட்டத்துக்கு இறங்க மாட்டார். போதாக்குறைக்கு, வழக்கமான கார்களில் குளிர்சாதனத்தின் கம்ப்ரசர் எஞ்சினோடு பட்டையால் இணைக்கப்பட்டிருப்பதால், எஞ்சின் நின்றால் குளிர்ச்சியும் நின்றுவிடும். குண்டு துளைக்காத உள்ளாடையும் கனமான இடுப்புப் பட்டையும் அணிந்து மூடிய காருக்குள் அமர்ந்திருப்பவருக்கு அது வெறும் சொகுசுப் பிரச்சினை அல்ல.

இந்த நிறுத்தங்களுக்கு எண்கள் உண்டு. காவல் வாகனங்களை நெடுங்காலமாகத் தயாரித்துவரும் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம், எட்டு மணி நேரப் பணியில் ஒரு ரோந்து வண்டி 4.9 மணி நேரம் எஞ்சின் ஓடிய நிலையில் வெறுமனே நிற்கிறது என்று மதிப்பிட்டிருக்கிறது. அதாவது பணி நேரத்தில் ஏறக்குறைய 61 விழுக்காடு. அப்படி நிற்கையில் மணிக்கு 0.27 காலன், ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோல் எரிகிறது என்பதும் அந்நிறுவனத்தின் கணக்கே. ஒரு பணிக்கு ஐந்து லிட்டர். நாளைக்கு இரண்டு பணி வீதம் ஆண்டு முழுவதும் ஓடும் வண்டி, ஒரு கிலோமீட்டர்கூட நகராமல் 3,650 லிட்டரைக் குடித்துவிடுகிறது. அதே வண்டி ஆண்டுக்கு 32,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 7.65 கிலோமீட்டர் கொடுப்பதாகக் கொண்டால், ஓட்டத்துக்குச் செலவாவது சுமார் 4,200 லிட்டர். ஓடுவதற்கும் நிற்பதற்கும் செலவு கிட்டத்தட்ட சரிக்குச் சரி! மைலேஜ் என்று நாம் சொல்லும் ஒற்றை எண் ரோந்து வண்டியைப் பொறுத்தவரை பாதிக் கதையை மட்டுமே சொல்கிறது. மறுபாதிக்குக் கிலோமீட்டர் என்ற அளவுகோலே செல்லாது.

நிற்கும் எஞ்சின் இவ்வளவு மோசமான மின் உற்பத்தியாளராக இருப்பதற்கு இயற்பியல் காரணம் எளியது. ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் வெப்ப ஆற்றல் ஏறக்குறைய 9 கிலோவாட்-மணி. மணிக்கு ஒரு லிட்டர் எரித்து, மின் கருவிகளுக்கும் குளிர்சாதனத்துக்குமாக ஒரு கிலோவாட் அளவுக்குப் பயன்படு ஆற்றல் கிடைத்தால், எரித்ததில் பயனாவது ஒன்பதில் ஒரு பங்கு. குளிர்சாதனம் வேண்டாத இரவில் வெறும் 350 வாட் மட்டும் தேவைப்படும்போது அது நான்கு விழுக்காட்டுக்குச் சரிந்துவிடும். மீதமெல்லாம் பிஸ்டன்களின் உராய்விலும், காற்றை உறிஞ்சித் தள்ளுவதிலும், புகைக்குழாய் வழியே வெளியேறும் வெப்பத்திலும் போய்ச் சேர்கிறது. விரைந்து ஓடுவதற்கென்று வடிவமைத்த பெரிய எஞ்சினைக் கொண்டு ஒரு கணினியையும் சில விளக்குகளையும் இயக்குவது, கடுகு தாளிக்கக் கல்யாண அடுப்பை மூட்டுவதற்கு ஒப்பு.

ஹைபிரிட் கார் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. 1997 டிசம்பரில் டொயோட்டா ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரியஸ் கார்தான் பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஹைபிரிட். பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் அதில் ஒருங்கே சக்கரங்களைச் சுழற்ற முடியும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வீணாகும் இயக்க ஆற்றலை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. எஞ்சினும் சாதாரண எஞ்சின் அல்ல. அமுக்கத்தைவிட விரிவு அதிகமாக இருக்கும்படி வால்வுகளின் நேரத்தை அமைத்து, கொஞ்சம் திறனை விட்டுக்கொடுத்துச் சிக்கனத்தைக் கூட்டும் அட்கின்சன் சுழற்சி எஞ்சின் அது. விட்டுக்கொடுத்த இழுவையை மோட்டார் ஈடு செய்கிறது. ஆனால் ரோந்து வண்டிக்கு இவை எல்லாவற்றையும்விட முதன்மையானது வேறொன்று. வண்டி நின்றதும் எஞ்சின் தானாக அணைகிறது. வயர்லெஸ், கணினி, விளக்குகள் யாவும் உயர் மின்னழுத்த பேட்டரியிலிருந்து, மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஒரு மாற்றி வழியாகத் தொடர்ந்து மின்சாரம் பெறுகின்றன. பேட்டரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் எஞ்சின் தானே கிளம்பி, சில நிமிடங்கள் ஓடி, அதை நிரப்பிவிட்டு மறுபடி அணைகிறது. அந்தச் சில நிமிடங்களில் எஞ்சின் தனக்கு உகந்த சுமையில் இயங்குவதால், அதே மின்சாரத்தை மிகக் குறைந்த பெட்ரோலில் உண்டாக்க முடிகிறது. காவலர் செய்ய வேண்டியது எதுவுமில்லை. சிக்கனம் மனிதரின் நினைவாற்றலையோ ஒழுக்கத்தையோ நம்பியிராமல் இயந்திரத்துக்குள்ளேயே அமைந்துவிடுவது, பல கைகள் மாறும் அரசு வண்டிகளுக்குச் சிறிய நன்மை அல்ல.

குளிர்சாதனத்தின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். முதல் தலைமுறைப் பிரியஸில் கம்ப்ரசர் எஞ்சினை நம்பியே இருந்தது. 2003இல் வந்த இரண்டாம் தலைமுறையில் அது முழுக்க மின்சாரத்தில் இயங்குவதாக மாறியது. வெப்ப நாடுகளில் ரோந்து வண்டி ஒன்று எஞ்சினை அணைத்துவிட்டு நிழலில்லாத இடத்தில் நிற்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் இந்த மாற்றமே. கடுங்குளிர்ப் பகுதிகளில் நிலைமை தலைகீழ். காருக்குள் வெப்பம் தருவது எஞ்சினின் குளிர்விப்பு நீர் என்பதால், கதகதப்பு வேண்டுமென்றால் எஞ்சின் அடிக்கடி ஓடியாக வேண்டும். பேட்டரியும் உறைகுளிரில் முழு வலிமையோடு இயங்காது. ஆகவே ஒரே கார் ஓர் ஊரில் தரும் சேமிப்பை இன்னோர் ஊரின் காவல்துறை அப்படியே எதிர்பார்த்துத் திட்டமிடுவது சரியாகாது.

இப்போது விற்பனைக் கணக்குக்கு வருவோம். 2017 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம் போலீஸ் ரெஸ்பாண்டர் ஹைபிரிட் என்ற காரை அறிவித்தது. 2 லிட்டர் அட்கின்சன் எஞ்சின், 1.4 கிலோவாட்-மணி லித்தியம்-அயன் பேட்டரி. துரத்தலுக்குத் தகுதி பெற்ற முதல் ஹைபிரிட் கார் என்பது அந்நிறுவனத்தின் பெருமை. காலனுக்கு 18 மைல் தந்த பழைய ஆறு சிலிண்டர் காவல் காரோடு ஒப்பிட்டு, புதியது 38 மைல் தரும் என்றும், மேலே சொன்ன இரண்டு பணி, ஆண்டுக்கு 20,000 மைல், பெட்ரோல் காலனுக்கு இரண்டரை டாலர் என்ற அனுமானங்களின்படி வண்டி ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 3,900 டாலர் மிச்சமாகும் என்றும் அது சொன்னது. இந்த 3,900 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பது பயனுள்ள வேலை. 18 மைலிலிருந்து 38 மைலுக்கு மாறுவதால் ஓட்டத்தில் மிச்சமாவது சுமார் 585 காலன். பழைய வண்டி நிற்கும்போது எரிப்பது சுமார் 966 காலன். இரண்டையும் கூட்டினால் 1,551 காலன். இரண்டரை டாலரால் பெருக்கினால் 3,878 டாலர். கணக்கு பொருந்துகிறது. ஆனால் பொருந்துவதற்கு ஒரே வழி, ஹைபிரிட் கார் நிற்கும்போது ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட எரிக்காது என்று வைத்துக்கொள்வதுதான்.

அப்படி இருக்க முடியாது. பேட்டரியில் இருக்கும் மின்சாரம் முழுவதும் ஏதோ ஒரு நேரத்தில் பெட்ரோலிலிருந்தே வந்தது. வண்டிக்கு வெளியிலிருந்து அதற்கு மின்சாரம் வருவதில்லை. 1.4 கிலோவாட்-மணியில் பாதியைத்தான் அன்றாடம் பயன்படுத்த முடியும் என்று கொண்டால், ஒரு கிலோவாட் சுமைக்கு அது 40 நிமிடங்களுக்குத்தான் தாங்கும். நின்றபடி கழியும் 4.9 மணி நேரத்துக்கும் தேவையான 4.9 கிலோவாட்-மணியை, எஞ்சின், மின்னாக்கி, பேட்டரி ஆகிய மூன்றின் இழப்புகளும் போக பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ 27 விழுக்காட்டை மின்சாரமாக்கி உண்டாக்குவதாகக் கணக்கிட்டால், பணி ஒன்றுக்கு இரண்டு லிட்டர் பெட்ரோல் தேவைப்படும். பழைய வண்டியில் ஐந்து, புதியதில் இரண்டு, மிச்சம் மூன்று. ஆண்டுக்கு 730 பணிகளுக்கு 2,200 லிட்டர். ஓட்டத்தில் மிச்சமாகும் இன்னொரு 2,200 லிட்டரைச் சேர்த்தால் 4,400 லிட்டர். நிறுவனத்தின் கணக்கு 5,870 லிட்டர் என்பதால், உண்மைச் சேமிப்பு அதில் முக்கால் பங்கு அளவில் நிற்கும் என்பது என் மதிப்பீடு. விளம்பரத்தைவிடக் குறைவுதான், ஆயினும் ஒரு வண்டிக்கு ஆண்டுக்கு நாலாயிரம் லிட்டருக்கு மேல் என்பது எந்த நிதிப் பொறுப்பாளரும் தள்ளிவிடக்கூடிய எண் அல்ல. தவிர, ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பழைய வண்டி பெரிய எஞ்சின் கொண்டது என்பதையும் மறக்கக் கூடாது. 18க்கும் 38க்கும் உள்ள இடைவெளியில் ஒரு பகுதி மின் மோட்டாரால் வந்ததல்ல, எஞ்சின் சிறுத்ததால் வந்தது.

சிறுத்த எஞ்சின் என்றதும் காவலர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: துரத்தினால் தாங்குமா? தொடக்க கால ஹைபிரிட்கள் குறித்து இந்த ஐயம் முற்றிலும் நியாயமானது. மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் மொத்தத் திறன் 134 குதிரைத்திறன். அது நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட ஏறக்குறைய 10 வினாடிகள் ஆகும். 2011 வரை அமெரிக்கச் சாலைகளில் காவல்துறையின் அடையாளமாகவே இருந்த, 4.6 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சின் கொண்ட கிரவுன் விக்டோரியாவில் பழகிய கைகளுக்கு அது விளையாட்டு வண்டியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அதனால்தான் நியூயார்க் போன்ற நகரங்களில் பிரியஸ் முதலிய சிறிய ஹைபிரிட்கள் முதலில் போக்குவரத்து விதிமீறல்களைப் பதிவுசெய்யும் வேலைக்கு வந்தன. அது பொருத்தமான வேலையும்கூட, ஏனெனில் அந்த வண்டி ஒருநாளும் யாரையும் துரத்தப் போவதில்லை.

துரத்தல் தகுதி என்பது வேகத்தை மட்டும் குறிப்பதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மிச்சிகன் மாநிலக் காவல்துறையும் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டார ஷெரிஃப் துறையும் காவல் வாகனங்களை முறைப்படி ஓட்டிச் சோதிக்கின்றன. முடுக்கம், உச்ச வேகம், மீண்டும் மீண்டும் கடுமையாகப் பிடித்தபின் பிரேக் எவ்வளவு தொலைவில் நிறுத்துகிறது, வளைவுகளில் வண்டி நிலைகொள்கிறதா என்பவையெல்லாம் அளக்கப்படுகின்றன. நடைபாதை விளிம்பில் மோதி ஏறுவதையும், தண்ணீர் தேங்கிய சந்திப்பைக் கடப்பதையும் தாங்கும் வகையில் அடிச்சட்டமும் சக்கரங்களும் வலுவூட்டப்படுகின்றன. சந்தையில் கிடைக்கும் ஹைபிரிட் காருக்கு வெள்ளை வண்ணம் பூசி, கூரையில் விளக்கு பொருத்திவிட்டால் அது காவல் கார் ஆகிவிடாது.

இந்த இடைவெளியை அடைத்தது 2020 மாடலாக வந்த ஃபோர்டு போலீஸ் இன்டர்செப்டர் யுடிலிட்டி ஹைபிரிட். 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து 318 குதிரைத்திறன், 1.5 கிலோவாட்-மணி பேட்டரி. நான்கு சக்கர இயக்கம். உச்ச வேகம் மணிக்கு 220 கிலோமீட்டருக்கு அருகே. அதன் முன்னோடி காலனுக்கு 17 மைல் தந்த இடத்தில் இது 24 மைல் தருகிறது, அதாவது லிட்டருக்கு 7.2 கிலோமீட்டரிலிருந்து 10.2 கிலோமீட்டராக உயர்ந்திருக்கிறது. ஒரு சிறிய காரின் மைலேஜோடு ஒப்பிட்டால் இது பெரிய சாதனையாகத் தோன்றாது. ஆனால் அதே உருவம், அதே இடவசதி, அதே வேகம் ஆகியவற்றை விட்டுக்கொடுக்காமல் எரிபொருள் மட்டும் குறைந்தது என்பதே காவல்துறைகள் இதை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம். சிக்கனத்துக்காக எதையாவது இழக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால், பணியில் இருப்பவர்கள் அதை எதிர்த்தே இருப்பார்கள். அவர்கள் எதிர்த்தால் எந்த வாகனத் திட்டமும் நிலைக்காது. ஆஸ்திரேலியாவில் உள்நாட்டுப் பெரிய கார்களான ஃபால்கனும் கமடோரும் முறையே 2016, 2017 ஆண்டுகளில் உற்பத்தி நின்றுபோன பிறகு, காவல் அணிகளில் டொயோட்டா காம்ரி ஹைபிரிட் இடம்பிடித்ததிலும் இதே தர்க்கம் தெரிகிறது: அன்றாடப் பணிக்குச் சிக்கனமான கார், நெடுஞ்சாலைத் துரத்தலுக்கென்று தனியாக வேகமான சில கார்கள்.

நீண்ட துரத்தலில் ஹைபிரிட்டின் மின் உதவி என்னவாகும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மோட்டார் 30 கிலோவாட் வீதம் இழுக்கிறது, பேட்டரியில் பயன்படத்தக்கது 0.75 கிலோவாட்-மணி என்று கொண்டால், அது ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துபோகும். நகரத்துக்குள் நடக்கும் துரத்தலில் ஒவ்வொரு வளைவிலும் பிடிக்கும் பிரேக் அதை மறுபடி நிரப்பிக்கொண்டே வரும். நேரான நெடுஞ்சாலையில் பத்து நிமிடம் முழு வேகத்தில் போனால் வண்டி தன் பெட்ரோல் எஞ்சினின் வலிமையில் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கும். எனவே துரத்தல் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது கூட்டுத் திறனோடு, எஞ்சின் தனித்து எவ்வளவு தரும் என்பதையும் கேட்க வேண்டும்.

ரோந்துக் காராக மாற்றும் பட்டறை வேலை பலர் கவனிக்காத ஒன்று. கைதிகளை ஏற்றும் தடுப்புக் கம்பி, விளக்குகள், சைரன், ஆயுதப் பெட்டி, கேமரா என்று பொருத்துவதற்காகக் காரின் உடலில் பல இடங்களில் துளையிடுவார்கள். 2017இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரக் காவல்துறை, உள்ளே கார்பன் மோனாக்சைடு நுழைகிறது என்ற அச்சத்தால் தன்னிடமிருந்த ஏறக்குறைய 400 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளைச் சாலையிலிருந்து விலக்கியது. கருவிகள் பொருத்துவதற்காக இட்ட துளைகள் சரியாக அடைக்கப்படாமல் விடப்பட்டதைக் காரணமாக ஃபோர்டு சுட்டியது. அந்தக் கார்கள் ஹைபிரிட் அல்ல. ஆனால் இரண்டு பாடங்கள் ஹைபிரிட்டுக்கும் பொருந்தும். மணிக்கணக்கில் எஞ்சின் ஓடியபடி நிற்கும் வண்டியில் அமர்ந்திருப்பவருக்குப் புகை ஓர் அபாயம் என்பது ஒன்று. எஞ்சின் அணைந்திருக்கும் நேரம் கூடக் கூட அந்த அபாயம் குறைகிறது. மற்றொன்று, ஹைபிரிட் காரின் அடியில் ஆரஞ்சு நிற உறையிட்ட உயர் மின்னழுத்தக் கம்பிகள் ஓடுகின்றன. துளையிடும் கைக்கு அவை எங்கே போகின்றன என்று தெரிந்திருக்காவிட்டால் விளைவு புகையைவிட மோசமாக இருக்கும். எச்சரிக்கை விளக்குகளுக்கான மின்சாரத்தை எந்த இணைப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்பதும் தயாரிப்பாளரின் வழிகாட்டுதலின்படியே நடக்க வேண்டும், ஏனெனில் தவறான இடத்தில் எடுத்தால் பேட்டரியின் அளவைக் கணிக்கும் கட்டுப்பாட்டுக் கணினி குழம்பி, எஞ்சினைத் தேவையில்லாமல் ஓடவிட்டு, வாங்கிய நோக்கத்தையே கெடுத்துவிடும்.

பராமரிப்பில் ஹைபிரிட்டுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தவை காவல்துறைகள் அல்ல, வாடகைக் கார்கள். நியூயார்க்கில் 2005இலேயே ஃபோர்டு எஸ்கேப் ஹைபிரிட் மஞ்சள் நிற வாடகைக் காராக ஓடத் தொடங்கியது. இரவும் பகலும் ஆள் மாற்றி ஓட்டும் அந்தக் கார்களின் பணி, ரோந்துப் பணிக்கு மிக அருகில் வருவது. பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்ற தொடக்க கால அச்சம் பெருமளவு தணிந்தது அங்கேதான். பிரேக் கட்டைகள் நீடித்து உழைக்கின்றன, ஏனெனில் மெதுவாக நிறுத்தும் வேலையை மோட்டாரே ஏற்றுக்கொள்கிறது. எஞ்சின் தேய்மானமும் குறைகிறது. நின்றபடி ஓடும் எஞ்சினின் ஒரு மணி நேரம், 33 மைல் ஓட்டத்துக்குச் சமமான தேய்மானம் என்று ஃபோர்டு தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கில், ஆண்டுக்கு 20,000 மைல் ஓடிய ரோந்து வண்டியின் எஞ்சின், நின்ற நேரத்தில் மட்டும் இன்னும் ஒரு லட்சம் மைலுக்கு மேல் ஓடியதாக ஆகிறது. மைல் காட்டியைப் பார்த்து வண்டியின் வயதைக் கணிப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். ஹைபிரிட்டில் அந்த மறைந்த மைல்களின் பெரும்பகுதி இல்லாமல் போகிறது.

வெளியிலிருந்து மின்னேற்றும் ஹைபிரிட்களை வாங்கினால் இன்னும் மிச்சமாகாதா என்று கேட்கலாம். ஒரே பணியில் ஓடி இரவெல்லாம் ஓய்வெடுக்கும் வண்டிக்கு ஆகும். மூன்று பணிகளிலும் கை மாறும் ரோந்து வண்டிக்கு மின்னேற்ற நேரமே இல்லை. ஏற்றாத பேட்டரி வெறும் சுமை. பொதுமக்கள் ஓட்டும் வண்டிகளிலேயே இந்தப் பழக்கக் குறை பெரிதாகத் தெரிகிறது: இவ்வகைக் கார்களின் உண்மையான கார்பன் உமிழ்வு ஆய்வகத்தில் அளந்ததைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு என்று ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்டது. முழு மின்சாரக் கார்களிலும் பிரச்சினை தொழில்நுட்பத்தில் இருப்பதைவிடப் பணிமுறையில்தான் அதிகம். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரக் காவல்துறையின் டெஸ்லா கார் ஒன்று 2019 செப்டம்பரில் ஒரு துரத்தலின் நடுவே இன்னும் 6 மைலுக்குத்தான் தாங்கும் என்று காட்டிய செய்தி உலகெங்கும் பரவியது. முந்தைய பணியில் அதை முழுதாக மின்னேற்றாமல் விட்டிருந்தார்கள் என்பதே நடந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை 2016இல் குத்தகைக்கு எடுத்த 100 பிஎம்டபிள்யூ ஐ3 மின்சாரக் கார்கள் அவசர அழைப்புகளுக்கு அல்லாத வேலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டன. பெட்ரோல் நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்றால் அடுத்த பணிக்குத் தயாராகிவிடுகிறது என்ற ஒரு வசதிதான், மின்னேற்ற வசதி பரவலாகும்வரை ஹைபிரிட்டைக் காவல்துறைகளின் நடுவழித் தேர்வாக வைத்திருக்கும்.

ஓசையின்றி நெருங்கலாம் என்பதை ஹைபிரிட்டின் தந்திர நன்மையாகச் சிலர் சொல்வதுண்டு. மின்சாரத்தில் மட்டும் நகரும் குறைந்த வேகத்தில் அது உண்மை. ஆனால் பாதசாரிகளின், குறிப்பாகப் பார்வையற்றோரின் பாதுகாப்புக்காக, அத்தகைய கார்கள் குறைந்த வேகத்தில் செயற்கை ஒலி எழுப்ப வேண்டும் என்று சட்டங்கள் வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வரையிலும் அமெரிக்காவில் 30 கிலோமீட்டர் வரையிலும் அந்த ஒலி தேவை. வண்டி நின்றிருக்கும்போது அமைதியாக இருப்பதன் பயன் மட்டும் குறையாமல் நிற்கிறது: எஞ்சின் உறுமாத காருக்குள் அமர்ந்திருக்கும் காவலருக்குத் தெருவின் சத்தம் காதில் விழுகிறது, அவர் வயர்லெஸ்ஸில் பேசுவதும் தெளிவாகக் கேட்கிறது.

தனியார் பாதுகாப்பு நிறுவனங்களின் ரோந்து வேறு வகை. தொழிற்சாலை வளாகம், துறைமுகம், பல்கலைக்கழகம், குடியிருப்புத் தொகுதி ஆகியவற்றைச் சுற்றும் அந்த வண்டிகள் மணிக்கு 15 முதல் 30 கிலோமீட்டருக்குள் ஊர்ந்து, ஒவ்வொரு கதவருகிலும் நின்று, மறுபடி கிளம்புகின்றன. துரத்தல் அவற்றின் பணியிலேயே சேராது என்பதால் 318 குதிரைத்திறனுக்கு அங்கே வேலையில்லை. நின்று நின்று மெதுவாகச் செல்லும் இத்தகைய ஓட்டத்தில்தான் சாதாரணச் சிறிய ஹைபிரிட் தன் முழுச் சிக்கனத்தைக் காட்டும். சாதாரணப் பெட்ரோல் கார் தன் மோசமான மைலேஜைக் காட்டுவதும் இங்கேதான். ஆயினும் ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். வளாக ரோந்து வண்டி ஒரு பணியில் 60, 80 கிலோமீட்டருக்கு மேல் போவது அரிது. தவிர, புறப்பட்ட வாயிலுக்கே அது ஒவ்வொரு சுற்றிலும் திரும்பி வருகிறது. அந்த வாயிலில் ஒரு மின்னேற்றியை நட்டுவிட்டால், ஹைபிரிட் தரும் எல்லாச் சேமிப்பையும் சிறிய மின்சாரக் கார் இன்னும் மலிவாகத் தந்துவிடும். பல வளாகங்களை இரவு முழுவதும் ஒரே வண்டியில் மாறி மாறிச் சென்று பார்க்கும் ரோந்துக்குத்தான், எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டித் தெரியாத காரணத்தால், ஹைபிரிட் இன்னும் பொருத்தமானது.

வாங்கும் முடிவுக்கு முன் ஒரு காவல்துறையோ பாதுகாப்பு நிறுவனமோ செய்யக்கூடிய மிக மலிவான வேலை, இப்போதிருக்கும் வண்டிகளில் எஞ்சின் ஓடிய மணிகளையும் வண்டி நகர்ந்த மணிகளையும் ஒரு மாதத்துக்குத் தனித்தனியே பதிவுசெய்வதுதான். அண்மைக் கால வண்டிகளின் கட்டுப்பாட்டுக் கணினி அவற்றை ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கிறது; எடுத்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு. நின்ற மணிகள் பணியில் பாதிக்கு மேல் என்றால், ஹைபிரிட்டுக்காகக் கொடுக்கும் கூடுதல் விலை பெட்ரோல் கணக்கிலேயே திரும்பி வரும். கால் பங்குக்கும் குறைவென்றால், அதாவது வண்டி பெரும்பாலும் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடுவது என்றால், பிரேக் வழியே மீட்கவும் பெரிதாக எதுவும் இருக்காது, எஞ்சினை அணைக்கவும் வாய்ப்பு இருக்காது. அத்தகைய நெடுஞ்சாலை அணிக்கு, எச்சரிக்கை விளக்குகளைக் குறைந்த மின்சாரம் இழுக்கும் எல்.இ.டி. விளக்குகளாக மாற்றி, கருவிகளுக்கென்று இரண்டாவது பேட்டரி ஒன்றைப் பொருத்திக்கொள்வதே குறைந்த செலவில் முடிகிற வழி.